ஏல எண் நாற்பத்தொன்று

கோத்தகிரி, டிசம்பர்.
மறைந்த மிஸ் டெல்மா ரொசாரியோவின் வீட்டில்
நாற்காலி பதினாறு,
பியானோ ஒன்று, மூன்று கட்டை பேசாது,
மான்கொம்பு ஆறு, அனுமதிச் சீட்டு இல்லாததால் விற்பனைக்கில்லை
என்று எழுதிக்கொண்டே வந்தவள்
சாப்பாட்டு அறையில் நின்றுவிட்டேன்.

கம்பளி நூலில் நெய்த திரை.
மூன்றடி அகலம், ஐந்தடி உயரம்.
பிளாண்டர்ஸ் நெசவு, ஐந்நூறு வருடம் என்கிறது
அவர் அப்பா குத்திவைத்த சீட்டு.
சீட்டை நான் நம்புவதில்லை, தொழில் அப்படி.
பெரிய ஒன்றிலிருந்து யாரோ வெட்டியது.
சீமாட்டி ஒருத்தியின் மணிக்கட்டு இருக்கிறது.
அதில் உட்கார்ந்த வல்லூறு முழுசாக இருக்கிறது.
சீமாட்டி இல்லை.
கீழே வேட்டைநாய்க்கு முன்பாதி,
மானுக்குப் பின்னங்கால் மட்டும்.
இரண்டுக்கும் நடுவே ஒரு சாண்.
சீட்டு சொல்கிற அத்தனை வருடமும்
அந்த ஒரு சாண்.

தரை கிடையாது, வானம் கிடையாது, எங்கும் பூ.
வயலட், டெய்சி, காட்டு ஸ்ட்ராபெரி.
மார்ச்சில் பூப்பதும் ஆகஸ்டில் பழுப்பதும்
ஒரே நாளில்,
ஒன்றின் நிழல் இன்னொன்றின்மேல் விழாமல்.
நெய்தவனுக்குத் தெரியாதா
பூவுக்கு எத்தனை நாள் என்று.
தெரிந்துதான் ஒவ்வொன்றுக்கும்
ஒரு வாரம் கொடுத்திருக்கிறான்.

இலைகள்தான் இடறின.
நீல இலை, நீலத் தண்டு, நீலப் புல்.
‘நெசவாளர் கற்பனை’ என்று எழுதி
‘நீலகிரிக்குப் பொருத்தமானது’ என
விலையேற்ற ஒரு வரியும் சேர்த்தேன்.

கார்வேந்தன் ஏணியைச் சாய்த்தான்.
லோடு ஏற்ற வந்தவன்.
அதற்கு முன் திருப்பூரில், சாயப்பட்டறையில் எட்டு வருடம்.
இன்னும் நகக்கண்ணில் ஏதோ ஒரு நிறம்.
ஏறிப் பார்த்தவன்
“பச்சைதானுங்க்கா இது” என்றான்.
“நீலத்துல முக்கி மேல மஞ்சள் ஏத்திருப்பாங்க.
மஞ்சள் நிக்காதுங்க.
வெளிச்சம் பட்டா மொதல்ல கிளம்பறது அதுதான்.”

கொக்கிகளைக் கழற்றி
மேஜைமேல் கவிழ்த்துப் போட்டோம்.

பச்சை.
மழை விட்ட மறுநாள் தேயிலைக் கொழுந்தில் இருக்குமே, அது.
முடிச்சும் அறுந்த நூல்வாலுமாக,
நாய் வலமிருந்து இடம் ஓட,
சுவரையே பார்த்துக்கொண்டிருந்த பச்சை.

சாயம் வெளுத்துப்போச்சு என்றால்
எங்கள் பேச்சில்
எவனோ மாட்டிக்கொண்டான் என்று பொருள்.
இங்கே மாட்டிக்கொண்டது
பார்த்தவர்கள்.
ஜன்னலைத் திறந்து, விருந்தாளியைக் கூட்டிவந்து
எவ்வளவு அழகு என்று சொன்ன ஒவ்வொரு முறையும்
கொஞ்சம் மஞ்சளை எடுத்துப் போயிருக்கிறார்கள்.
மிஸ் ரொசாரியோ
எழுபது வருடம் இதன் எதிரே
தனியாகக் காப்பி குடித்தவர்.

“இந்தப் பக்கமா மாட்டி வித்தரலாமுங்களா?”
மாட்டலாம்.
மாட்டினால் அதுவும் கிளம்பும்.

குழாயடி ஓரத்தில், நேற்றிரவின் உறைபனியில் விளிம்பு கருகி
டெய்சி பூத்திருந்தது.
கப்பலேறி வந்த பூ. இங்கே அது களை.
எதிரே மலை.
தேயிலை, சோலை, கோஸ் பாத்தி
பக்கத்தில் போனால் எல்லாம் பச்சை,
இங்கிருந்து நீலம்.
பிறந்ததிலிருந்து பார்க்கிற நீலம்.
அதன் மஞ்சளை யார் எடுத்துப் போனது என்று
இன்றுதான் கேட்கத் தோன்றியது.

‘கற்பனை’யை அடித்தேன்.
நிலைமை என்ற கட்டத்தில்
‘பார்க்கப்பட்டது’ என்று எழுதினேன்.
ஏலத்தில் அப்படி ஒரு சொல் கிடையாது.
ஆரம்ப விலையை மாற்றவில்லை.

லாரிக்கு நேரமாகிவிட்டது.
கார்வேந்தன் நீளவாக்கில் இரண்டாக மடித்தான்.
மடிப்புக்குள்
அந்த ஒரு சாண் காணாமல் போக
நாயின் வாய்
மான் காலில் போய்ப் படிந்தது.

பிரிக்கச் சொன்னேன்.
வேறு மாதிரி மடித்தோம்.